காரை ஓடையிலிருந்து ஆய்வுக்கூடம் வரை: நிலவியலும் புதைபடிவமும் படிக்க வருபவர்களுக்கு

முதல் குழப்பம் விண்ணப்பத்திலேயே தொடங்கிவிடும். பள்ளியில் 'புவியியல்' என்று படித்தது ஜியாகிரஃபி. பாறை, கனிமம், புதைபடிவம் ஆகியவற்றைப் படிக்கும் ஜியாலஜிக்குத் தமிழில் நிலவியல், புவியமைப்பியல், புவிப்பொதியியல் என்று இடத்துக்கு ஒரு பெயர். போதாக்குறைக்கு, குவாரி உரிமங்களைக் கவனிக்கும் அரசுத் துறை 'புவியியல் மற்றும் சுரங்கத் துறை' என்று அழைக்கப்படுகிறது. அங்கே மட்டும் புவியியல் என்றால் ஜியாலஜி. எனவே தமிழ்ப் பெயரை மட்டும் நம்பாமல் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். கனிமவியல், பாறையியல், அடுக்கியல், தொல்லுயிரியல் நான்கும் இருந்தால்தான் நீங்கள் தேடும் படிப்பு அது.

தமிழ்நாட்டில் சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி தேசியக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சிதம்பரம் கல்லூரி போன்றவற்றில் இளநிலைப் படிப்பு இருக்கிறது. முதுநிலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம், சேலம் பெரியார் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் ஆகியவை உண்டு. இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தனித் துறையே இருக்கிறது. ஐ.ஐ.டி.களில் முதுநிலை சேர 'ஜாம்' தேர்வின் ஜியாலஜி தாளை எழுத வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். மூன்று கேள்விகள் போதும். மூன்று ஆண்டுகளில் மொத்தம் எத்தனை நாள் களப்பயணம்? பாறை நுண்ணோக்கிகளில் எத்தனை வேலை செய்கின்றன? பாறையை அறுத்து மெல்லிய தகடாக்கும் அறை இயங்குகிறதா, பூட்டிக் கிடக்கிறதா? இவற்றுக்கு நேரான பதில் தருகிற துறை சிறிய ஊரில் இருந்தாலும் நல்ல துறைதான்.

எங்கே போய்ப் படிப்பது

தமிழ்நாட்டு மாணவருக்குப் பெரிய கொடுப்பினை, அரியலூர், பெரம்பலூர், திருச்சி மாவட்டங்களில் தரைக்கு மேலேயே தெரியும் கிரிட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) காலப் பாறைகள். இந்தியா கிழக்குக் கோண்டுவானா என்ற பழம்பெரும் கண்டத்திலிருந்து பிரிந்தபோது உண்டான காவிரிப் படுகையின் மேற்கு விளிம்பு இது. கே, கன்லிஃப் என்ற இருவர் திரட்டி அனுப்பிய புதைபடிவங்களை இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் விவரித்தார். நிலவியலாளர் எச். எஃப். பிளான்ஃபோர்ட் 1862-ல் இந்தப் பகுதியின் வரைபடத்தையும் விளக்கத்தையும் வெளியிட்டு, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் இன்றும் வழக்கில் இருக்கின்றன. உயிர்வகைகளை ஒவ்வொன்றாக விவரித்தவர் தொல்லுயிரியலாளர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா.

முதலாண்டு மாணவர் மனதில் பதிக்க வேண்டியது ஒன்றுதான். அடுக்குகள் கிழக்கு, தென்கிழக்குப் பக்கமாக மெல்லச் சாய்ந்திருக்கின்றன. அதனால் மேற்கே நைஸ் என்னும் பழைய உருமாறிய பாறையில் தொடங்கிக் கிழக்கே நடந்தால், பொதுவாக வயது குறைந்துகொண்டே வரும். தெரணியின் வெள்ளைக் களியில் இலைப் பதிவுகள். காரை என்ற ஊரின் ஓடைகளில், களிமண்ணில் பெலெம்னைட், அம்மோனைட் என்னும் அழிந்துபோன கணவாய் உறவினங்களின் படிவங்கள், சுறாப்பல். கருடமங்கலத்தில் கிளிஞ்சல் நிறைந்த மணற்கல். கல்லங்குறிச்சியில், இன்று சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லில், கிரைஃபியா என்னும் வளைந்த சிப்பியும் இனோசெராமஸ் என்னும் இரட்டைச் சிப்பியும். அதற்கும் மேலே கல்லமேட்டில் டைனோசர் எலும்பு. நின்னியூருக்கு வந்துவிட்டால் டைனோசர் காலமே முடிந்துவிட்டது. ஒரே நாளில் பல கோடி ஆண்டுகளைக் கடந்து செல்ல முடிகிற இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

போகும் காலம் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை காரை ஓடைகளைக் கழுவிப் புதிய படிவங்களை வெளியே தள்ளியிருக்கும், களியும் காய்ந்திருக்கும். மழைக்கு மறுநாளே போனால் ஒவ்வொரு காலிலும் ஒரு கிலோ களி ஏறும், சரிவில் வழுக்கும், எதையும் அளக்க முடியாது. ஏப்ரல், மே வெயிலில் அங்கே ஒதுங்க நிழலே கிடையாது. எந்த மாதமானாலும் ஆளுக்கு 3 முதல் 4 லிட்டர் தண்ணீர்.

சிமென்ட் சுரங்கத்துக்குள் எழுத்துப்பூர்வ அனுமதி, தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி இல்லாமல் நுழையக் கூடாது. வெட்டிய சுவரின் அடியில் நின்று தட்டாதீர்கள். பாதி வெட்டிய சுண்ணாம்புப் பலகை எப்போது சரியும் என்று சொல்ல முடியாது. சாத்தனூர், திருவக்கரை கல்மரப் பூங்காக்களில் சுத்தியலைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீள அடிமரத்திலிருந்து ஒரு சில்லை உடைத்து வருவதில் யாருக்கும் அறிவு கூடப் போவதில்லை.

பையில் இருக்க வேண்டியவை

சுத்தியல் 600 முதல் 800 கிராம் எடை. படிவுப்பாறைக்கு ஒரு முனை உளிபோல் தட்டையாக இருப்பது நல்லது. அடுக்குகளுக்கு நடுவே நுழைத்து நெம்பலாம். கொத்தனார் சுத்தியலை வைத்துக் கல்லை அடித்தால் அதன் விளிம்பு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிப்பது அதைவிட ஆபத்து. கல் உடைக்கும்போது கண்ணாடி அணிவது கட்டாயம், பக்கத்தில் நிற்பவருக்கும்தான்.

10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, கழுத்துக் கயிற்றோடு. புதியவர்கள் பெரும்பாலும் லென்ஸைக் கல்லின் மேல் பிடித்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்ப்பார்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, தெளிவாகத் தெரியும்வரை கல்லைக் கண்ணருகே கொண்டுவர வேண்டும். வெயில் கல்லின் மேல் விழும்படி திரும்பி நில்லுங்கள்.

30 மில்லி துளிப்புட்டியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். செறிந்த அமிலம் 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். இதை ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் முன்னால் தயாரியுங்கள், விடுதி அறையில் வேண்டாம்.

இவற்றோடு கிளைனோமீட்டர் (சாய்வை அளக்கும் கருவி) உள்ள திசைகாட்டி, 1:50,000 அளவிலான சர்வே ஆஃப் இந்தியா வரைபடம், கெட்டி அட்டைக் களக்குறிப்பேடு, 2 பென்சில், அழியாத மார்க்கர், 5 மீட்டர் டேப், துணிப்பை அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் பை 30, பழைய செய்தித்தாள் ஒரு கட்டு, பஞ்சு, சின்ன மருந்து டப்பாக்கள். குறிப்பேட்டில் பேனா வேண்டாம்; வியர்வை பட்டாலே மை பரவும். வரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர் என்பதை மனப்பாடமாக வைத்திருங்கள்.

ஓர் இடத்தில் செய்ய வேண்டிய வேலை, வரிசைப்படி

பாறை தெரியும் இடத்துக்கு வந்ததும் கீழே குனிந்து பொறுக்கத் தொடங்காதீர்கள். 20 அடி பின்னால் போய் நின்று, அடுக்குகள் எங்கே மாறுகின்றன என்று முதலில் பாருங்கள். அதை ஒரு பக்கம் முழுக்கப் படமாக வரையுங்கள். கைபேசிப் படம் இருக்கிறதே என்று இதைத் தவிர்ப்பவர்களுக்கு அறைக்குத் திரும்பிய பிறகு எந்தக் கோடு அடுக்கு, எந்தக் கோடு விரிசல் என்று தெரிவதில்லை. வரையும் கை அந்தத் தீர்மானத்தைக் களத்திலேயே எடுத்துவிடும்.

அடுத்து தேதி, இட எண், அட்சரேகை, தீர்க்கரேகை. பிறகு ஸ்ட்ரைக் (அடுக்கின் பரப்பில் வரையும் கிடைக்கோட்டின் திசை), டிப் (அடுக்கின் சாய்வுக் கோணம்) அளவு. திசைகாட்டிக்குப் பக்கத்தில் சுத்தியலோ கைபேசியோ இருந்தால் முள் திரும்பிவிடும், அவற்றை இரண்டு அடி தள்ளி வையுங்கள். அடுக்கின் மேற்பரப்பு மேடுபள்ளமாக இருந்தால் குறிப்பேட்டை அதன் மேல் வைத்து, அட்டையின் சாய்வை அளக்கலாம். மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். எண் மட்டும் எழுதினால் பயனில்லை, சாய்வு எந்தத் திசையில் என்றும் சேர்த்து எழுத வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், இந்தப் பகுதியில் சாய்வு மிகக் குறைவு. சமதரையில், ஸ்ட்ரைக்குக்குச் செங்குத்தாக 200 மீட்டர் நடந்து ஓர் அடுக்கைக் கடந்தீர்கள். சாய்வு 5 பாகை. அடுக்கின் உண்மைத் தடிமன் 200 மீட்டர் அல்ல. 200-ஐ சைன் 5 பாகையால் பெருக்கினால் வரும் சுமார் 17.4 மீட்டர். சாய்வைத் தவறாக 8 பாகை என்று அளந்திருந்தால் விடை 27.8 மீட்டர் ஆகிவிடும். மூன்று பாகைப் பிழை பத்து மீட்டர் பாறையைப் புதிதாக உண்டாக்கிவிடுகிறது!

அதன் பிறகு பாறையைப் பெயரிடுங்கள். இங்கே அமிலத்தை அளவுக்கு மீறி நம்புகிறார்கள். அரியலூர்ப் பகுதியில் மணற்கல்லின் மணல் துகள்களைப் பிணைத்திருப்பதும் பல இடங்களில் சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட்தான், அதுவும் நுரைக்கும். நுரைத்ததையெல்லாம் சுண்ணாம்புக்கல் என்று எழுதிய குறிப்பேடுகள் ஏராளம். முதலில் லென்ஸில் துகளைப் பார்த்து, துகள் குவார்ட்ஸா, சிப்பித் துண்டா என்று முடிவு செய்தபின் அமிலம் விடுங்கள். உடனே பொங்கினால் கால்சைட். பொடித்தால் மட்டும் மெல்ல நுரைத்தால் டோலமைட். காரைக் களியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பளபளப்பான தகடுகளைக் கால்சைட் என்று எழுதிவிடுவார்கள். நகத்தால் கீறிப் பாருங்கள். கீறல் விழுந்து, அமிலத்தில் நுரைக்கவில்லை என்றால் அது ஜிப்சம்.

இப்போதுதான் பொறுக்கலாம். ஓடையின் அடியில் உருண்டு கிடப்பதையும் அடுக்கில் பதிந்திருப்பதையும் தனித்தனிப் பையில் போடுங்கள். உருண்டு வந்தது மேலே இருக்கும் எந்த அடுக்கிலிருந்து வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். அதற்கு வயது சொல்ல முடியாது. 'உதிரி' என்று எழுதி வையுங்கள். அடுக்கில் இருப்பதை எடுக்கும் முன் அளவுகோலோடு ஒரு படம் எடுத்து, படிவம் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது என்று குறியுங்கள். இரட்டைச் சிப்பிகள் இரு மூடியும் சேர்ந்தே இருந்தால் அதிகத் தூரம் அடித்து வரப்படவில்லை என்று ஊகிக்கலாம். தனித்தனி மூடிகள் எல்லாம் குவிந்த பக்கம் மேலாகக் கவிழ்ந்திருந்தால் நீரோட்டத்தின் வேலை. அப்படியே பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டால் இந்தச் செய்தி திரும்பக் கிடைக்காது. எவ்வளவு அழகான அம்மோனைட் ஆனாலும் அடுக்கு தெரியாவிட்டால் அது அலங்காரக் கல்தான்.

படிவத்தை உளியால் நேரடியாகத் தோண்டாதீர்கள். அதைச் சுற்றி ஒரு கையகலம் விட்டுப் பாறையோடு வெட்டி எடுத்து, மீதியை ஆய்வுக்கூடத்தில் பிரியுங்கள். எண்ணைக் கல்லிலேயே மார்க்கரால் எழுதுங்கள். அதே எண்ணைத் தாளில் பென்சிலால் எழுதிப் பைக்குள்ளும் போடுங்கள். பையின் வெளிப்புறம் மட்டும் எழுதியது, பேருந்தில் உரசி ஊர் வருவதற்குள் அழிந்திருக்கும். ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்ற வேண்டும். சுறாப்பல், சின்னச் சிப்பி என்றால் பஞ்சோடு டப்பாவில்.

எலும்பு போல ஏதாவது தெரிந்தால் தோண்ட வேண்டாம். இடத்தைக் குறித்து, படமெடுத்து, துறைக்குச் சொல்லுங்கள். கல்லமேட்டில் கிடைத்த மிகப்பெரிய விலங்கொன்றின் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் 1987-ல் பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு விவரித்தார்கள். முதலில் இரைகொல்லி டைனோசர் என்று கருதப்பட்டது, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றி வகைப்படுத்தப்பட்டது. அந்த எலும்புகள் ஏற்கெனவே நொறுங்கும் நிலையில் இருந்தவை. பின்னர் பொடிந்தே போயின. இன்று மிஞ்சியிருப்பவை விளக்கமும் படங்களும்தான். நொறுங்கும் எலும்பை எடுக்க ஈரத் தாள், சாக்குத்துணி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகியவற்றால் கட்டுப்போடத் தெரிந்தவர் உடன் இருக்க வேண்டும்.

உருண்டையாகக் கிடப்பதையெல்லாம் டைனோசர் முட்டை என்று சொல்லிவிடவும் கூடாது. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த பெரிய உருண்டைகள் அப்படித்தான் செய்தியாகப் பரவின. பார்த்தால் அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய படிவு உருண்டைகள். முட்டை என்றால் மெல்லிய ஓடு இருக்க வேண்டும். ஓட்டின் வெட்டுமுகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் அமைப்பும் காற்றுத் துளைகளும் தெரிய வேண்டும். அரியலூர் செந்துறைப் பகுதியில் உண்மையான முட்டைக் கூடுகள் 2009-ல் அறிவிக்கப்பட்டன என்பதால்தான் இந்தக் கவனம் இன்னும் தேவைப்படுகிறது.

ஆய்வுக்கூடத்தில்

சுத்தம் செய்வதில் அவசரம்தான் பெரும் எதிரி. முதலில் தண்ணீரும் பழைய பல்துலக்கியும். காரைக் களி ஒட்டிய படிவத்தை முதலில் நன்றாகக் காயவைத்து, பிறகு நனையுங்கள். காய்ந்த களி நீரில் தானே உதிரும். ஈரக் களி பசைபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். கால்சைட் ஓட்டை அமிலத்தில் போடவே கூடாது, பாறையோடு படிவமும் கரைந்துவிடும். உடைந்ததை ஒட்ட உடனடிப் பசை வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது. பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துங்கள். தவறாக ஒட்டினாலும் அசிட்டோனால் பிரித்துவிடலாம். நொறுங்கும் பரப்பை இறுக்க 5 விழுக்காட்டுக் கரைசல் போதும். பளபளப்புக்காக வார்னிஷ் பூசினால் அம்மோனைட்டின் தையல்கோடு (உள்ளறைச் சுவர் ஓட்டோடு சேரும் கோடு) மறைந்துபோகும். அதை வைத்துத்தான் அந்த உயிரினத்தையே அடையாளம் காண்கிறோம்.

மெல்லிய பாறைத்தகடு செய்யக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் பிடிக்கும். வைர ரம்பத்தில் சில மில்லிமீட்டர் பலகை அறுத்து, ஒரு முகத்தைக் கார்போரண்டம் பொடியில் 220, 400, 600, 1000 என்ற வரிசையில் (எண் கூடக் கூடப் பொடி மெலியும்) தேய்க்க வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் இடையில் கல், கை, கண்ணாடித் தட்டு மூன்றையும் கழுவுங்கள். 220-இன் ஒரே ஒரு துகள் 1000-க்குள் புகுந்தாலும் கீறல் விழும். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேய்த்த முகத்தை முழுக்க உலர்த்திக் கண்ணாடித் துண்டில் எபாக்ஸியால் ஒட்டுங்கள். ஈரம் இருந்தால் குமிழி வரும், நுண்ணோக்கியில் குமிழியையே படிவம் என்று வரைந்துவிடுவீர்கள். மறுபக்கத்தை 0.03 மில்லிமீட்டர் வரை மெலிதாக்க வேண்டும். குறுக்கு முனைவாக்கத்தில் (ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு முனைவாக்கிகளுக்கு நடுவே தகட்டை வைத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது) குவார்ட்ஸ் சாம்பல் அல்லது வெளிர் நிறமாகத் தெரிந்தால் சரியான தடிமன். ஆழ்ந்த மஞ்சள், சிவப்பு என்றால் இன்னும் தேய்க்க வேண்டும். குவார்ட்ஸே இல்லாத சுண்ணாம்புக்கல்லில் இந்தச் சோதனை பலிக்காது. அங்கே சிப்பித் துண்டின் உள்ளமைப்பு தெளிவாகத் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று தேய்த்தால் தகடே காணாமல் போகும்.

கண்ணுக்குத் தெரியாத ஃபொராமினிஃபெரா என்னும் ஒருசெல் உயிரிகளின் ஓடுகள்தான் அடுக்கின் வயதை மிக நுட்பமாகச் சொல்பவை. 100 கிராம் களியைப் பட்டாணி அளவுக்கு உடைத்து 60 பாகை செல்சியஸுக்கு மேல் போகாமல் உலர்த்துங்கள். வெந்நீரில் ஒரு கரண்டி சோடியம் கார்பனேட் கலந்து இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய நீர்த்தாரையில், வடியும் நீர் தெளியும்வரை கழுவ வேண்டும். விரலால் தேய்த்தால் ஓடுகள் உடையும். கரையாத களிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு பயன்படுத்துவார்கள். புகைப்போக்கி அறையில், ஆசிரியர் உடன் இருக்கும்போது மட்டும், கொஞ்ச நேரமே. அதிக நேரம் விட்டால் மெல்லிய ஓடுகள் அரிக்கப்படும். பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமம் உள்ள களியில் கலவை கடுமையாகச் சூடேறும். ஒரு மாதிரி முடிந்து அடுத்ததற்குப் போகும் முன் சல்லடையை மெத்திலீன் நீலக் கரைசலில் முக்கி எடுங்கள். முந்தைய மாதிரியின் ஓடு ஏதாவது ஒட்டியிருந்தால் நீலமாகிவிடும். அடுத்த தட்டில் நீல ஓட்டைக் கண்டால் கணக்கில் சேர்க்காதீர்கள். இந்தச் சின்ன வேலையைச் செய்யாததால் ஒரே அடுக்கில் இரு காலத்து உயிர்கள் கலந்து, வயதே புரண்டுபோகும். உலர்ந்த வண்டலைக் கறுப்புத் தட்டில் தூவி, 000 எண் கொண்ட மெல்லிய தூரிகையின் நுனியை ஈரப்படுத்தி, ஸ்டீரியோ நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள். 300 ஓடுகள் என்பது வழக்கமான எண்ணிக்கை. அழகானதை மட்டும் பொறுக்காமல் தட்டின் கட்டங்களை வரிசையாக முடிக்க வேண்டும்; இல்லாவிட்டால் உங்கள் ரசனையின் கணக்குத்தான் வரும், அடுக்கின் கணக்கு வராது.

பெயர் வைப்பது

ஆய்வுக்கூடத்து மாணவர்கள் ஒரே நாளில் இனப்பெயர் வரை போய்விடத் துடிப்பார்கள். பெரும்பிரிவு, குடும்பம், பேரினம் என்று படிப்படியாக இறங்குங்கள். எந்தப் படியில் ஆதாரம் தீர்கிறதோ அங்கே நில்லுங்கள். பேரினம் மட்டும் உறுதி என்றால் அதோடு 'எஸ்பி.' (இனம் உறுதியாகவில்லை என்பதன் குறி) என்று எழுதி விடுவது நேர்மையான அடையாளம். துப்பாக்கிக் குண்டு போன்ற பெலெம்னைட்டைக் குறுக்கே உடைத்தால் நடுவிலிருந்து ஆரம்போல் பரவும் கால்சைட் தெரியும். நீண்ட உருளைக் கூழாங்கல்லிலிருந்து அதைப் பிரித்தறிய இது போதும். இனோசெராமஸ் துண்டின் விளிம்பில் நெருக்கமாக நிற்கும் ஊசிபோன்ற பட்டகங்கள் தெரியும். அம்மோனைட்டில் சுருளின் வடிவம், விலா வரிகள், தையல்கோடு மூன்றையும் வரையுங்கள். சாளக்கிராமத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தச் சுருள் பழக்கமானதாக இருக்கும். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வரும் அவையும் அம்மோனைட்டுகள்தான்.

ஸ்டோலிஸ்காவின் படத்தகடுகளோடு ஒப்பிடுவது இன்றும் நல்ல தொடக்கம். ஆனால் அவர் காலத்தில் 'அம்மோனைட்டஸ்' என்ற ஒரே பெயருக்குள் அடக்கியவை இப்போது பல பேரினங்களாகப் பிரிந்துவிட்டன. பழைய பெயரை அப்படியே எடுத்து எழுதாமல், பின்வந்த ஆய்வுகளில் அது என்னவாக மாறியிருக்கிறது என்று தேடிச் சரிபார்த்த பிறகே எழுதுங்கள்.

ஆய்வேட்டுத் தலைப்புக்கு 'அரியலூர்ப் புதைபடிவங்கள்' என்று மாவட்டத்தையே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓர் ஓடை, 20 மீட்டர் தடிமன், அரை மீட்டருக்கு ஒரு மாதிரி என்று எடுத்தால் 40 மாதிரி ஆகும். ஒரு முதுநிலை மாணவருக்கு அதுவே நிறைய வேலை. கீழிருந்து மேலாக எண் கொடுங்கள். மேலிருந்து கொடுக்கத் தொடங்கினால் பாதியில் புது அடுக்கு தெரியவரும்போது கணக்குக் குழம்பும். மாதிரி எடுக்கும் முன் மேலே காய்ந்து வெடித்த களியைக் கையளவு ஆழம் சீவித் தள்ளுங்கள். மழை மேலிருந்து இறக்கிய துகள்கள் அதில்தான் இருக்கும்.

வேலை முடிந்ததும் படிவங்களை விடுதி அலமாரியில் விட்டுப் போகாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதித் துறையின் சேகரிப்பில் சேர்த்துவிடுங்கள்: மாதிரி எண், இடம், ஆயத்தொலைவுகள், அடுக்கு, அடியிலிருந்து எத்தனை மீட்டர் உயரம், எடுத்தவர், தேதி. உயிரினத்தின் பெயரை மட்டும் பென்சிலில் எழுதுங்கள், அடுத்து வருபவர் அதைத் திருத்த வேண்டியிருக்கும்.